வேர்க் பெர்மிட் இன்னும் வரவில்லை – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

ஊரில் இருக்கும்போதே நீங்கள் எழுதுவதை வாசித்து வருகிறேன். எனக்கு மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். மனைவி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். கலாநிதிப் படிப்புக்குக் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து அவ போன வருஷம் ஆகஸ்டில் இங்கே வந்தா. நான் சம்பளமற்ற லீவு போட்டுவிட்டு, மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு, விசிட்டர் விசாவில் ஜனவரி தொடக்கத்தில் வந்து சேர்ந்தேன். அந்த மாதக் கடைசியிலேயே எனக்கு வேர்க் பெர்மிட்டுக்கு ஒன்லைனில் விண்ணப்பித்தோம். ஏழு மாதமாகிவிட்டது, ஒரு பதிலும் இல்லை.

தங்கச்சிக்கு வீடு கட்ட அத்திவாரம் போட்டு வைத்துவிட்டு வந்தேன். வீடு முடிந்தால்தான் அவளுடைய கலியாணத்தைப் பேசலாம். ஒவ்வொரு ஞாயிறும் அப்பா எடுத்து “சம்பளம் வந்ததா மகன்?” என்று கேட்பார். அவரின் வாய்க்குப் பயந்து, வேலை கிடைத்துவிட்டது, சம்பளம்தான் குறைவு என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவர் இங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். குசினியில் நில், கேஷாகத் தருகிறேன், ஒருவருக்கும் தெரியவராது என்கிறார். மனைவி விடமாட்டேன் என்கிறா. அதில் எங்களுக்குள் பெரிய சண்டை. பொம்பிளையின் காசில் சாப்பிடுகிறாய் என்று கூட்டாளி ஒருவன் பகிடியாகச் சொன்னான். அன்று இரவு நித்திரை இல்லை. நான் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

அந்தக் குசினி வேலைக்குப் போகாதீர்கள். மற்றதையெல்லாம் மறுகா பேசுவோம். இந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

ஒருவருக்கும் தெரியவராது என்று கடைக்காரர் சொல்வது அவருடைய நிம்மதிக்கு. உங்களுக்கு அப்படியில்லை. அனுமதியில்லாமல் வேலை செய்தது தெரியவந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். வெளியேற்ற உத்தரவும் வரலாம், அதில் ஒரு வகை ஒரு வருஷத்துக்குக் கனடாப் பக்கம் வரவிடாது. சரி, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இனி நீங்கள் நிரப்பப்போகும் விண்ணப்பங்களில் ‘கனடாவில் அனுமதியின்றி வேலை செய்தீர்களா’ என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று எழுதினால் அதுவே சிக்கல். இல்லை என்று எழுதி, அது பொய் என்று பிடிபட்டால் 5 வருஷத் தடை. அப்பாவிடம் சொன்ன பொய்யைத் தொலைபேசியிலேயே திருத்தலாம். இதை அப்படித் திருத்த முடியாது. கடைக்காரர் ஒரு மாதக் காசைத் தராமல் விட்டாலும் நீங்கள் போய் முறையிடத் தயங்குவீர்கள் என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம். இதுதான் எனக்கு அவசரமாகப் பட்டது. மகளும் விசிட்டராகத்தானே வந்தாள்? அப்படி வருபவர்களுக்குப் பொதுவாக 6 மாதம்தான் தங்கக் கொடுப்பார்கள். உங்கள் விண்ணப்பம் அந்தத் தேதிக்கு முன்னமே போய்விட்டதால், முடிவு வரும்வரை நீங்கள் அங்கே இருக்கலாம், விசிட்டராக மட்டும். மகளுக்குத் தனியாக நீடிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பிள்ளை சின்னது, தகப்பனின் விண்ணப்பத்தோடு சேர்ந்துவிடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவளுக்கென்று வேறாக விண்ணப்பிக்க வேண்டும். தவறியிருந்தால், தங்கும் அந்தஸ்து போன நாளிலிருந்து 90 நாளுக்குள் அதை மீட்கக் கேட்கலாம். உங்கள் கணக்குப்படி அது ஒக்டோபர் தொடக்கத்தோடு முடிகிறது. இதை வாசித்ததும் முதல் வேலையாக அவளுடைய பாஸ்போர்ட்டில் அடித்த தேதியைப் பாருங்கள்.

உங்கள் விண்ணப்பத்துக்கு அடிப்படை பலமானது. 2025 ஜனவரி 21 முதல் மாணவர்களின் கணவன் மனைவிக்கு வேலை அனுமதி கொடுப்பதை இறுக்கிவிட்டார்கள். முதுமாணிப் படிப்பென்றால் அது குறைந்தது 16 மாதப் படிப்பாக இருக்க வேண்டும். கலாநிதிப் படிப்புக்கு அந்த மாதக் கணக்கு இல்லை. ஆகவே பதில் வராததை ‘இல்லை’ என்ற பதிலாக எடுத்துக்கொண்டு இரவில் விழித்திருக்க வேண்டாம். ஆனால் சும்மா பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டாம். ஒன்லைன் கணக்குக்குள் போய் ஒவ்வொரு செய்தியையும் திறந்து பாருங்கள். கைரேகையோ மருத்துவப் பரிசோதனையோ கேட்டு வந்த கடிதம் வாசிக்காமல் கிடந்து மாதங்கள் போவதுண்டு. மருத்துவப் பரிசோதனை 12 மாதத்துக்குத்தான் செல்லும். நீங்கள் ஆசிரியர் என்பதால் இது முக்கியம். அந்தப் பரிசோதனை இல்லாமல் வேர்க் பெர்மிட் வந்தால், பள்ளிக்கூடத்திலும் சிறுபிள்ளைப் பராமரிப்பிலும் மருத்துவத் துறையிலும் வேலை செய்யக்கூடாது என்று அதிலேயே அச்சிட்டு வரும். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். அதன் தேதியைத் தாண்டி பெர்மிட் கொடுக்கமாட்டார்கள். புதுப்பிக்க வேண்டுமென்றால் ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது.

குடிவரவுத் திணைக்களம் தன் தளத்தில் போட்டிருக்கும் காலத்தையும் தாண்டிவிட்டதென்றால் அவர்களுடைய இணையப் படிவத்தில் எழுதிக் கேளுங்கள். மறுகா உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போங்கள். ஊரில் எம்.பி. வீட்டு வாசலில் காத்து நின்ற ஞாபகத்தில் தயங்கவேண்டாம். அங்கே இப்படியான விண்ணப்பங்களை விசாரித்துச் சொல்வது அந்த அலுவலகங்களின் அன்றாட வேலை. அதற்குக் காசு வாங்குவதில்லை. உங்கள் கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளையும் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டிக் கேட்டு வாங்கலாம். கனடாவுக்குள் இருக்கும் எவருக்கும் அந்த உரிமை உண்டு. ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது’ என்று காசு கேட்கும் ஊர்க்காரர் யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது. யாரிடமாவது காசு கொடுத்துக் கேட்பதென்றால் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இனி அப்பாவுக்கு வருவோம்.

நம் பக்கத்தில் வெளிநாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கட்டார், சவூதி, குவைத். உங்கள் ஒழுங்கையிலேயே எத்தனை பேர் போயிருப்பார்கள். அங்கே வேலைக்கென்றுதான் கம்பெனி ஆளை எடுக்கிறது. வேலை விசா இருந்துதான் விமானம் ஏறுவது. போன மறுமாதமே காசு வந்துவிடும். உங்கள் அப்பா அந்த அளவுகோலை வைத்துத்தான் உங்களையும் அளக்கிறார். அவருக்குத் தெரிந்தது அதுதான், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ‘நான் போனது மனைவியின் படிப்புக்குத் துணையாக, வேலைக்கான கடதாசி வேறு, அது இன்னும் வரவில்லை’ என்று ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் அவருக்கு விளங்கும். நீங்கள் விளக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றீர்கள். அதனால் அவர் இப்போது நினைத்துக்கொண்டிருப்பது, மகன் உழைக்கிறான், அனுப்பத்தான் மனமில்லை என்று. பழி இப்போது மருமகள் தலையில் விழ ஆரம்பித்திருக்கும். ‘அவள்தான் அனுப்பவிடமாட்டாள்’ என்ற கதை ஊரில் எவ்வளவு சுலபமாகக் கிளம்பும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைச் சங்கடப்படுத்தியது இதுதான், தம்பி. மனைவி ஒரு புதிய நாட்டில் கலாநிதிப் படிப்பைத் தொடங்கியிருக்கிறா. படிப்புக்குக் கிடைக்கும் கொடுப்பனவில் மூன்று பேருக்குச் சோறு போடுகிறா. முதல் ஐந்து மாதம் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்திருக்கிறா. கடிதத்தில் இது ஒன்றும் இல்லை. அவ படிக்கப் போனா, உங்களை வேலைக்குப் போகவிடவில்லை, அவ்வளவுதான். அவ பயப்படுவது உங்கள் பெருமையைக் குறைக்கவா? நீங்கள் பிடிபட்டால் குடும்பமே குலைந்துவிடும் என்று பயப்படுகிறா.

பொம்பிளையின் காசு என்று சொன்ன கூட்டாளி எந்த ஊர்? மட்டக்களப்பான் என்றால் அவன் தன் வீட்டையே மறந்துவிட்டான். இங்கே கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, குடி என்கிற குலமும் தாய்வழி. தாயும் தகப்பனும் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின் வளவில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்பாவும் அப்படித்தான் வந்து குடியிருந்திருப்பார், நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள். தங்கச்சிக்கு நீங்கள் கட்டும் வீட்டுக்கும் நாளை ஒருவன் வந்து இருக்கப்போகிறான். அவனைப் பார்த்து, பொம்பிளை வீட்டில் குந்தியிருக்கிறான் என்று நீங்கள் சொல்வீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். இந்த மாவட்டத்துப் பெண்கள் வருஷக்கணக்காக வளைகுடாவில் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசில் எத்தனை கல்வீடு எழும்பியிருக்கிறது, எத்தனை பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அந்தக் காசைக் குடித்தழித்த ஆண்களைப் பற்றி ஊர் நிறையக் கதைக்கும். மனைவி போன நாளிலிருந்து பிள்ளைக்குத் தலை வாரி, சோறு சமைத்து, பள்ளிக்கூடம் கூட்டிப்போய் வளர்த்த ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. எனக்குத் தெரிந்த அப்படியான ஒரு தகப்பனின் மகள் இன்று தாதியாக இருக்கிறாள். அந்த மனிதனை நான் பெரிதும் மதிக்கிறேன். இப்போது மூன்று வயதுப் பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது நீங்கள். நீங்கள் இல்லாவிட்டால் அந்தக் கொடுப்பனவில் ஒரு பெரிய பங்கு பகல் பராமரிப்புக்குப் போயிருக்கும்.

வேலையென்று கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பது ஒரு ஆசிரியருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு விளங்குகிறது. அதற்கும் வழி இருக்கிறது. முதலாளி கனடாவுக்கு வெளியே, சம்பளமும் வெளியேயிருந்து வருகிறது என்றால், இணையத்தில் செய்யும் வேலையை அங்கே அனுமதி தேவைப்படும் வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. களுவாஞ்சிகுடியிலோ மட்டக்களப்பு டவுனிலோ ஒரு டியூஷன் நிலையம் உங்களை ஸூமில் கணிதம் எடுக்க வைத்து, இங்குள்ள வங்கியில் ரூபாயாகப் போட்டால் அது இந்த வகைதான். இங்கே மாலை 6.30க்கு வகுப்பென்றால் இப்போது உங்களுக்குக் காலை 9 மணி, குளிர்காலத்தில் 8 மணி. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறி, ஒரே பாடத்தால் நிற்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்துப் படுவான்கரையில் நிறைய இருக்கிறார்கள். தொடங்க முன் இரண்டு விஷயம்: கனடாவில் வரி எப்படி என்று ஒரு கணக்காளரிடமும், உங்கள் லீவு நிபந்தனை இதற்கு இடம் தருமா என்று வலயக் கல்வி அலுவலகத்திலும் கேளுங்கள். அங்கேயுள்ள கடைகளிலோ நிறுவனங்களிலோ ‘சும்மா உதவிக்கு’ நிற்பதில் மட்டும் கவனம். சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான்.

அப்பாவிடம் இந்த ஞாயிறே சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் தங்கச்சியோடு பேசுங்கள், தனியாக. வீடு அவளுடையது, அவளிடம்தான் முதலில் கணக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் இப்போது முடியும், அத்திவாரம் அப்படியே இருக்கட்டும், பெர்மிட் வந்து முதல் சம்பளம் எடுத்ததும் சுவர் எழும்பும் என்று சொல்லுங்கள். மனைவியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. ஊருக்கு ஒருதரம் வந்து எல்லாவற்றையும் நேரில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். முடிவு வருமுன் கனடாவை விட்டு வெளியேறினால் இப்போதிருக்கும் அந்தத் தங்கும் உரிமை போய்விடும்.

நீங்கள் அங்கே ஆசிரியராக வேண்டுமென்றால் பெறுபேறுகளைப் படித்த இடங்களிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்வார்கள். அதற்குத்தான் அதிக நாள் எடுக்கும், பெர்மிட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊரில் அதற்கு அலைய ஆள் இல்லையென்றால் எழுதுங்கள். வந்தாறுமூலைக்குப் போய்க் கேட்க வேண்டியதை நான் கேட்டுச் சொல்கிறேன். மகளின் தேதியைப் பார்த்ததும் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா