புது போன் ஆன் ஆகவில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன் நேற்று வந்தது. சீலைப் பிரித்து பவர் பட்டனை அழுத்தினால் ஓர் அசைவும் இல்லை. பெட்டிக்குள் கேபிள் மட்டும்தான் இருந்தது, சார்ஜர் இல்லை. வீட்டில் கிடந்த பழைய சார்ஜரில் அரை மணி நேரம் போட்டேன். இன்னும் கறுப்பாகவே கிடக்கிறது. கெட்டுப்போன போனைத்தான் அனுப்பிவிட்டார்களா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்படி முடிவு கட்டுவதற்கு முன்னால் அந்த போனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள். முதல் நாளே ‘டெட்’ என்று சொல்லப்படும் போன்களில், பேட்டரி முழுக்க வற்றிப்போனவையும் உண்டு. அவை தேறிவிடும்.

தொழிற்சாலையில் பேட்டரியை முழுதாக நிரப்பி அனுப்புவதில்லை. நிறைந்த லித்தியம் பேட்டரி பயணத்தில் தீப்பிடித்தால் ஆபத்து அதிகம் என்பதால் ஓரளவே ஏற்றி அனுப்புவார்கள். அந்தப் பெட்டி கிடங்கில் பல மாதம் தூங்கினால், ஆஃப் ஆன நிலையிலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நிறைந்த பேட்டரியில் 4.2 முதல் 4.4 வோல்ட் வரை இருக்கும். 3.4 வோல்ட்டை ஒட்டி வரும்போதே போன் தானாக அணைந்துவிடும். அதற்கும் கீழே, 3 வோல்ட்டைத் தாண்டி இறங்கிவிட்டால், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பையே துண்டித்துவிடும்.

இப்படி வற்றிய பேட்டரிக்கு எடுத்த எடுப்பில் வேகமான மின்சாரம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. அதனால் போனில் இருக்கும் சார்ஜிங் சிப், முதலில் மிக மெல்லிய மின்னோட்டத்தைத்தான் உள்ளே விடும். கஞ்சி குடித்துத் தேறுகிற நோயாளிக்கு ஊட்டுவது போல. அந்த நேரத்தில் திரையை எரிய வைக்கக்கூட மின்சாரம் மிச்சமிருக்காது. லோகோ இல்லை, சார்ஜிங் படம் இல்லை, விளக்கு இல்லை. போட்டிருப்பவருக்கு ‘ஏறவே இல்லை’ என்று தோன்றும். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்.

இனி உங்கள் சார்ஜர். அதன் முதுகில் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று இருக்கும். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் மொத்தம் 5 வாட். வற்றிய 5000 மில்லிஆம்பியர்-மணி (எம்ஏஎச்) பேட்டரிக்கு அது காணாது. 5 வோல்ட் 2 ஆம்பியராவது வேண்டும். போன் கம்பெனியின் சார்ஜரோ, வேகமான சார்ஜிங் தரும் நல்ல சார்ஜரோ கிடைத்தால் இன்னும் நல்லது. லேப்டாப்பில் செருகாதீர்கள். பழைய வகை யூஎஸ்பி துளை தருவது 2.5 வாட் மட்டுமே. சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டே சரி.

கேபிளையும் மாற்றிப் பாருங்கள். போனின் உறையைக் (கவர்) கழற்றிவிடுங்கள். தடித்த உறையின் துளை விளிம்பு கேபிள் முனையைத் தடுத்து, அரை மில்லிமீட்டர் குறைவாக நிறுத்திவிடும். பார்வைக்குச் செருகியது போலவே தெரியும். டார்ச் அடித்து சார்ஜிங் துளைக்குள் பாருங்கள். நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று நேராக நிற்க வேண்டும். அதன்மேல் தங்க நிறக் கோடுகள் தெரிய வேண்டும். நாக்கு சாய்ந்திருந்தாலோ, பேக்கிங் தாளின் துணுக்கு உள்ளே இருந்தாலோ ஊசியால் குத்தாதீர்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போனைத் திருப்பி அனுப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தால், கேபிள் உள்ளே போகும்போது ஒரு சின்ன ‘டக்’ விரலுக்குத் தெரியும்.

பிறகு ஒரு மணி நேரம் தொடவே வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பவர் பட்டனை அழுத்திப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற தவறு. ஒவ்வொரு அழுத்தலிலும் போன் எழுந்திருக்க முயன்று, ஏறிய கொஞ்ச மின்சாரத்தையும் தின்றுவிட்டு மறுபடி விழும். ஒரு மணி கழித்து, கேபிள் செருகியபடியே, அடுத்த பதிலில் சொல்லியிருக்கும் பட்டன் முறையைச் செய்யுங்கள்.

யூஎஸ்பி மீட்டர் என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும். 0.00 என்று அசையாமல் நின்றால் கேபிளிலோ, துளையிலோ, போனுக்குள் சிப்புகள் பதித்திருக்கும் போர்டிலோ கோளாறு. மின்சாரம் உள்ளேயே போகவில்லை. 0.05, 0.1, 0.2 என்று மெல்லப் போனால் வற்றிய பேட்டரி தேறுகிறது, காத்திருங்கள். சில வினாடிக்கு ஒருமுறை ஏறி, விழுந்து, மறுபடி ஏறினால் போன் எழுந்திருக்க முயன்று தோற்கிறது. 1 ஆம்பியருக்கு மேல் நிலையாகப் போயும் திரை கறுப்பு என்றால் திரையைச் சந்தேகப்பட வேண்டும்.

நல்ல சார்ஜரில் இரண்டு மணி நேரம் போட்டும் அசைவில்லை என்றால் மேலும் முயன்று நாளைக் கடத்தாதீர்கள். மாற்றித் தரும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஒவ்வொருவர் ஒவ்வொரு பட்டனைச் சொல்கிறார்கள். எதை, எத்தனை வினாடி அழுத்துவது?
— வாசகர், காரைக்குடி

பதில்: போன் ஆஃப் ஆகாமல் நடுவில் உறைந்து நின்றாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அப்போது சாதாரணமாக அழுத்துவது பலிக்காது. கட்டாய ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதனால் போனில் இருப்பது எதுவும் அழியாது.

சாம்சங்: பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 7 வினாடிக்கு மேல். 15 வரை எண்ணுங்கள். கூகுள் பிக்சல்: பவர் பட்டன் மட்டும், 30 வினாடி. மற்ற பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை மட்டும் 10 முதல் 15 வினாடி பிடித்தால் போதும். பலிக்காவிட்டால் வால்யூம் குறைப்பதையும் சேர்த்துப் பிடியுங்கள்.

ஐபோன் 8 முதல் வந்த மாடல்களில் வரிசை முக்கியம். வால்யூம் கூட்டும் பட்டனைத் தட்டி விடுங்கள். உடனே குறைக்கும் பட்டனைத் தட்டி விடுங்கள். பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் லோகோ வரும்வரை பிடித்துக்கொண்டே இருங்கள். நடுவில் ஆஃப் செய்யும் ஸ்லைடர் வந்தாலும் கையை எடுக்காதீர்கள். அங்கே எடுப்பதால்தான் பலருக்கு இது பலிப்பதில்லை.

கேள்வி: வாங்கி மூன்றாம் நாள். திரை கறுப்பு. ஆனால் வேறு போனிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கிறது.
— வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் போன் உயிரோடுதான் இருக்கிறது, காட்டத்தான் முடியவில்லை. முதலில் மேலே சொன்ன ரீஸ்டார்ட். அதற்கும் வராவிட்டால் திரை கெட்டிருக்கலாம், அல்லது திரையைப் போர்டோடு இணைக்கும் பட்டையான கேபிள் உள்ளே தளர்ந்திருக்கலாம். பின்னாலிருந்து விளக்கு எரியும் எல்சிடி திரை என்றால் இருட்டறையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது. அமோலெட் திரையில் பின்விளக்கே கிடையாது, எனவே இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

கேபிள் உட்காரட்டும் என்று திரையைக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்வார்கள். செய்யாதீர்கள். விரிசல் விழுந்தால் வாரன்ட்டி போய்விடும். மணி அடிப்பதை இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். திரைக் கோளாறு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பழைய போனில் இருப்பதை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால், மாற்று போன் கையில் வரும்வரை அழிக்காதீர்கள்.

கேள்வி: லோகோ வருகிறது, அணைகிறது, மறுபடி லோகோ. முதல் நாள் அப்டேட் போட்டபிறகுதான் இப்படி.
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில் உறையைக் கழற்றுங்கள். இறுக்கமான உறை பவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் இதே போலத்தான் ஆகும். பட்டன்கள் தாராளமாக உள்ளே போய் வெளியே வருகின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிம் தட்டையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, சார்ஜரில் போட்டு, மறுபடி முயலுங்கள். பழுதான மெமரி கார்டும் சில போன்களை நடுவழியில் நிறுத்திவிடும்.

அதற்கும் சரியாகாவிட்டால் ரிகவரி, அதாவது போன் முழுதாக எழாத நிலையிலும் அதைச் சரிசெய்ய உதவும் பட்டியல். பல போன்களில், ஆஃப் ஆன நிலையில் பவரையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் ரிகவரி பட்டியல் வரும். ஆண்ட்ராய்டு 11 முதல் வந்த சாம்சங் போன்களில் ஒரு கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால்தான் வரும். இது தெரியாமல் பலர் விரல் நோக அழுத்துகிறார்கள். பிக்சலில் பவரோடு வால்யூம் குறைப்பதைப் பிடித்து, வரும் பட்டியலிலிருந்து ரிகவரிக்குப் போக வேண்டும். ‘வைப் கேஷ் பார்ட்டிஷன்’ (தற்காலிகக் கோப்புகளை அழி) என்ற வரி இருந்தால் முதலில் அது. அதில் உங்கள் படங்கள் போகாது. பலிக்காவிட்டால் ஃபேக்டரி ரீசெட். அதில் எல்லாம் போகும். அதன்பின் போன் எழுந்ததும் முன்பு போட்டிருந்த கூகுள் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்கும். அது நினைவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரீசெட்டில் கை வையுங்கள்.

வாங்கிய முதல் வாரம் என்பதால் உங்களுக்கு என் யோசனை: ரீசெட் வரை செய்யுங்கள், அதோடு நிறுத்துங்கள். சாஃப்ட்வேரை வேறு இடத்திலிருந்து இறக்கி ஏற்றுவது வேண்டாம். பாதியில் நின்றால் லோகோகூட வராது.

கேள்வி: தெருமுனைக் கடையில் காட்டினேன். ‘போர்டு போயிருக்கும், திறந்து பார்த்தால்தான் தெரியும்’ என்கிறார். போன் வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. விற்ற நிறுவனமோ ‘சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்’ என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், ஓசூர்

பதில்: திறக்க விடாதீர்கள். அவர் கைதேர்ந்தவராகவே இருக்கட்டும். நான்கு நாள் போனின் முதுகை ஹீட்டரில் சூடுகாட்டிப் பெயர்த்தால் பசை விட்டுப்போகும். அதைக் கண்டாலே நிறுவனம் வாரன்ட்டி இல்லை என்றுவிடும். சிம் தட்டை உருவி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பல போன்களில் ஒரு வெள்ளைப் புள்ளி ஸ்டிக்கர் தெரியும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகும். இப்போதே அது வெள்ளையாக இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு ‘தண்ணீர் பட்டிருக்கிறது’ என்று யாரும் சொல்ல முடியாது.

மாற்றித் தரும் கெடு பல விற்பனைத் தளங்களில் 7 நாள். உங்களுடையது எத்தனை என்று ஆர்டர் பக்கத்தில் பாருங்கள். இன்றைக்கே, செயலி வழியாக, எழுத்தில் புகார் பதியுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன்பின் அதே நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குப் பில்லோடும் பெட்டியோடும் போங்கள். ‘ரிப்பேர் செய்யுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘டிஓஏ சான்றிதழ் கொடுங்கள்’ என்று கேளுங்கள். வந்தபோதே வேலை செய்யாத பொருள் என்பதற்கான தாள் அது. போனை வாங்கிக்கொண்டு அங்கே எழுதும் ஜாப் ஷீட்டில் ‘ஆன் ஆகவில்லை, உடைசல் இல்லை, தண்ணீர் படவில்லை’ என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி இரண்டும் விட்டுப்போவதுதான் பின்னால் சண்டைக்கு வித்து.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: ‘பெட்டி பிரிக்காத புதுசு’ என்று குறைந்த விலையில் ஒருவர் தருகிறார். ஆன் ஆகாத நிலையில் அது நல்ல போனா என்று எப்படிப் பார்ப்பது?
— வாசகர், சென்னை

பதில்: பெட்டியின் பக்கவாட்டில் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனின் தனி அடையாள எண், அச்சாகியிருக்கும். எஸ்எம்எஸ்ஸில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு அனுப்புங்கள். எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். பெட்டியில் உள்ள மாடலும் பதிலில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். போன் எழுந்தபின் *#06# அடித்து, திரையில் வரும் எண்ணையும் பெட்டியோடு ஒப்பிடுங்கள். பில் தரமாட்டேன் என்றால் அந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கேள்வி: மகளுக்குப் பரிசளிக்க வாங்கிய போன் பிரிக்காமலேயே பீரோவில் பத்து மாதம் கிடந்தது. இப்போது ஆன் ஆகவில்லை.
— வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் பதிலில் சொன்ன ஒரு மணி நேர சார்ஜிங்கைச் செய்யுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும். அறை வெப்பத்தில், மெத்தை மேலல்லாமல் தரையிலோ மேசையிலோ வைத்து, ஆள் இருக்கும்போது போடுங்கள். முதுகு உப்பியிருந்தாலோ, கைபொறுக்காத சூடு வந்தாலோ உடனே உருவிவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பது, அரிசியில் புதைப்பது, இஸ்திரிப்பெட்டியால் சூடுகாட்டுவது எதுவும் உதவாது.

வாரன்ட்டி பெரும்பாலும் பில் தேதியிலிருந்தே ஓடும். நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. பத்து மாதம் போய்விட்டது, ஓராண்டு வாரன்ட்டியில் இரண்டு மாதமே மிச்சம். எனவே இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இன்னும் சில மாதம் கழித்துத்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், எழுந்ததும் பாதி அளவுக்கு, சுமார் 50 சதவீதம் சார்ஜ் ஏற்றி, ஆஃப் செய்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி 50-க்குக் கொண்டுவர வேண்டும்.