ஐடா டார்பெல் எழுதியது பழியா, வரலாறா?

கேள்வி: அமெரிக்க எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரைப் பற்றி ஐடா டார்பெல் எழுதியது, தம் தந்தையின் பிழைப்பில் மண் விழுந்த ஆத்திரத்தில்தானே? அவரைப் பத்திரிகையாளர் என்று சொல்லலாம். போன இதழில் வரலாற்றாசிரியர் என்றும் எழுதியிருந்தீர்களே, அது மிகையில்லையா?
(வாசகர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: மிகையில்லை. ஆத்திரம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 1857இல் பென்சில்வேனியாவில் பிறந்து எண்ணெய்க் கிணறுகளின் நடுவே வளர்ந்தவர் ஐடா. 1872இல், ராக்ஃபெல்லர் இடம்பெற்றிருந்த ஒரு கூட்டணியுடன் ரயில் நிறுவனங்கள் செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தத்தின்படி, அக்கூட்டணிக்குச் சரக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைப்பதோடு, போட்டியாளர்கள் கட்டும் பணத்திலும் ஒரு பங்கு அதற்கே போய்ச் சேர இருந்தது. ஐடாவின் தந்தையைப் போன்ற சிறு எண்ணெய்த் தொழில்முனைவோர் கொதித்தெழுந்ததில் வியப்பென்ன? ஆனால் அடிபட்டவர் எழுதுவதெல்லாம் பழிவாங்கல்தான் என்று ஒதுக்கினால், அடித்தவரின் கணக்குதான் வரலாறாக எஞ்சும். அந்தத் தந்தையே, மகள் எழுதும் பத்திரிகையை ராக்ஃபெல்லர் தரப்பினர் அழித்துவிடுவார்கள் என்று அஞ்சி, இதை எழுத வேண்டாம் என்று மகளைத் தடுத்தார் என்பதையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். நீதிமன்ற வாக்குமூலங்களையும் அரசு விசாரணை அறிக்கைகளையும் பல ஊர்களில் தேடிப் படித்த ஐடா, ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் உயர் நிர்வாகியான ஹென்றி ரோஜர்ஸை நேரில் பலமுறை சந்தித்து அவர் தரப்பையும் கேட்டார். அந்நிறுவனத்தின் அலுவலகம் ஒன்றில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலையிலிருந்த ஒரு சிறுவன், தன் ஞாயிறு வகுப்பு ஆசிரியரின் பெயர் அவற்றில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தான். எண்ணெய் சுத்திகரிப்புத் தொழிலில் அந்நிறுவனத்துக்குப் போட்டியாளர் அவர். யார், எங்கே, எவ்வளவு எண்ணெய் அனுப்புகிறார் என்று ரயில்வே ஊழியர்களே உளவு சொல்லி வந்தது அந்தக் காகிதங்களில் வெளிப்பட்டது. அவை ஐடாவின் கைக்கு வந்தன, அவர் அச்சிட்டார், ரோஜர்ஸ் சினந்து சந்திப்பை நிறுத்திக்கொண்டார்.

1902 நவம்பர் முதல் மெக்ளூர்ஸ் இதழில் அந்நிறுவனத்தைப் பற்றி ஐடா எழுதிவந்த கட்டுரைத் தொடர், 1904இல் இரண்டு தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றபோது, மூல ஆவணங்களையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நம்பாதவர் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்ற இந்தத் துணிவு ஆத்திரக்காரருக்கு வராது. அதைவிட முக்கியமாக, அந்நிறுவனத்தின் நியாயமான பெருமை எது என்று விளக்குவதற்கே ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கி, அதன் நிர்வாகத் திறமையையும் சிக்கனத்தையும் மனமாரப் பாராட்டியிருக்கிறார். பழிவாங்க வந்தவர் இதை ஏன் செய்ய வேண்டும்?

இதற்கு முன்பே பாரிஸ் நூலகங்களில் அமர்ந்து பிரெஞ்சுப் புரட்சிக் கால மேடம் ரோலான் வாழ்க்கையை ஆராய்ந்தவர். லிங்கனின் இளமைக்காலச் சான்றுகளைத் தேடி கென்டக்கிக்கும் இல்லினாய்ஸுக்கும் போனவர். ராக்ஃபெல்லரை எழுதுவதற்காக ஒரே நாளில் வரலாற்றாசிரியர் ஆனவரல்லர்.

ஓரிடத்தில் நீங்கள் சொல்வது பொருந்தும். 1905இல் ராக்ஃபெல்லரின் குணச்சித்திரம் என்று எழுதியபோது, நோயால் முடியிழந்த அவருடைய முகத்தோற்றத்தையே குற்றச் சாட்சியாக்கினார். அதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் கேள்வியை அந்தக் கட்டுரையை நோக்கிக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். அந்த நூலை நோக்கிக் கேட்டிருக்கிறீர்கள்.