அஞ்சல் செஸ்ஸும் கணினியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1997இல் டீப் ப்ளூ என்ற கணினியிடம் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவ் தோற்றதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அவர் கணினியோடு மட்டுமல்ல, கடிகாரத்தோடும் களைப்போடும் சேர்த்து ஆடினார். ஒரு நகர்த்தலுக்குப் பல நாள் அவகாசமுள்ள அஞ்சல் செஸ்ஸில் அந்தத் தொல்லைகள் இல்லை. காய்களை நகர்த்திப் பார்க்கலாம், புத்தகம் புரட்டலாம். அப்படி ஆடும் வலுவான ஆட்டக்காரர் இன்றும் கணினியை வெல்லலாம்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இனி முடியாது என்றே நினைக்கிறேன். முடியும் என்று நெடுங்காலம் நம்பியவன் நான். இதை எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு ஒருகாலத்தில் ஆதாரம் இருந்தது. ஹான்ஸ் பெர்லினர் அஞ்சல் செஸ்ஸின் ஐந்தாவது உலக சாம்பியன். கணினி விஞ்ஞானியும்கூட, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹைடெக் என்ற செஸ் இயந்திரத்தை உருவாக்கியவர். செஸ் ஆடும் கணினி நிரல்களின் அடிப்படைப் பலவீனத்துக்குத் 'தொடுவான விளைவு' என்று பெயரிட்டவரும் அவரே. நிரல் குறிப்பிட்ட ஆழம் வரைதான் பார்க்கும். ஒரு குதிரை பறிபோவது உறுதி என்றால், நடுவில் ஒரு சிப்பாயைக் கொடுத்து அந்த இழப்பை ஆழத்துக்கு அப்பால் தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாததால் குதிரை தப்பியது என்று எண்ணிக்கொள்ளும். கடைசியில் சிப்பாயும் போகும், குதிரையும் போகும். ஒரே நிலையை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருப்பவர், வலையை அந்தத் தொடுவானக் கோட்டுக்குச் சற்று அப்பால் விரிக்கலாம். பொறுமையே அன்று ஆயுதம்.

2005இல் ஹைட்ரா என்ற இயந்திரம் லண்டனில் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5½–½ என்று நொறுக்கியது. அதே ஹைட்ராவை அஞ்சல் ஆட்டத்தில் இருமுறை வென்றார் ஜெர்மானிய அஞ்சல் செஸ் ஆட்டக்காரர் ஆர்னோ நிக்கல். உங்கள் தரப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் நிக்கலுக்கு வேறு செஸ் நிரல்கள் துணையிருந்தன. அவற்றின் பேச்சை எப்போது கேட்பது, எப்போது தள்ளுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மேலும், மூன்று நாள் அவகாசம் இயந்திரத்துக்கும் உண்டல்லவா? 2020இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல், ஆட்டநிலைகளிலிருந்து கற்கும் நரம்பியல் வலைப்பின்னலைச் சேர்த்துக்கொண்டது. நிலையை எடைபோடும் நுட்பம் நமக்கே உரியது என்றிருந்த காலம் அத்தோடு போயிற்று. பலகையில் ஏழு காய்கள் மிஞ்சும் இறுதியாட்டங்களுக்கு முழு விடையும் அட்டவணைகளில் இருக்கிறது.

நான் மிகவும் நேசிக்கும் ஓரிடம் மட்டும் மிச்சம்: கோட்டை. காய்பலத்தில் பின்தங்கியவர் நுழைவழிகளை எல்லாம் அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இயந்திரம் தனக்கே வெற்றி என்று எண்களைக் காட்டியபடி யானையை இங்குமங்கும் நகர்த்தும். உள்ளே வர வழியே இல்லை என்பது மனிதருக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் கோட்டை தோல்வியைத்தான் தடுக்கும். வெற்றிக்கு எதிராளி தவறு செய்ய வேண்டும்.

சர்வதேச அஞ்சல் செஸ் கூட்டமைப்பின் போட்டிகளில் இன்று கணினியின் துணைக்கு அனுமதி உண்டு. உயர்மட்ட ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை டிராவில் முடிகின்றன. அங்கே மனிதருக்கு வேலையே இல்லை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. எந்த நகர்த்தல் வரிசையைத் தோண்டிப் பார்க்கக் கணினியிடம் சொல்வது, ஆட்டத்தை எந்த நிலைக்குக் கொண்டுபோவது என்பதை இன்னும் அவர்தான் முடிவுசெய்கிறார்.

துணையில்லாமல் ஆடிப் பார்க்க நினைத்தால் வெள்ளைக் காய்களை எடுங்கள். சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கும் மூடிய நிலையைத் தேடுங்கள். டிரா செய்துவிட்டால் நகர்த்தல்களை எனக்கு அனுப்புங்கள். பலகையில் வைத்து முதலிலிருந்து ஆடிப் பார்க்க ஆசை.