சோடியத்துக்கு ஏன் 'என்-ஏ'?

கேள்வி: என் மகன் கிரேடு 9 படிக்கிறான். தனிமங்களின் குறியீட்டை எழுதச் சொன்னால் சோடியத்துக்கு 'எஸ்-ஓ', இரும்புக்கு 'ஐ-ஆர்' என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறான். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் கிரியோல். இந்த மொழிக் குழப்பம்தான் காரணமா? எப்படி மனப்பாடம் செய்ய வைப்பது? – மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாயார்.

பதில்: அம்மா, வீட்டு மொழியைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த விஷயத்தில் அவனுக்குக் கைகொடுக்கப் போவதே அதுதான்.

உங்கள் மகன் யோசித்ததைப் போலவே இங்கிலாந்தின் வேதியியலாளர் ஜான் டால்டனும் யோசித்தார். 1808இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஆக்சிஜன் ஒரு வெறும் வட்டம், கார்பன் கறுப்பு வட்டம், இரும்பு வட்டத்துக்குள் 'ஐ'. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். ஆனால் அச்சுக்கூடத்தில் இத்தனை வட்டங்களுக்கு எங்கே போவது? 1813-14இல் ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலாளர் பெர்சீலியஸ், வட்டமே வேண்டாம், எழுத்து போதும் என்றார். எந்த நாட்டு மொழிக்கும் சலுகை இல்லாமல் லத்தீன் பெயரிலிருந்து எழுத்தை எடுத்தார். டால்டனுக்கு இது கடைசிவரை பிடிக்கவில்லை. உலகத்துக்குப் பிடித்துவிட்டது.

இன்றுள்ள 118 தனிமங்களில் ஆங்கிலப் பெயரோடு ஒட்டாத குறியீடுகள் 11தான். அதில் ஆறு நம் வீட்டிலேயே இருக்கின்றன. பிரெஞ்சு லத்தீனின் மகள், கிரியோல் பேத்தி. இரும்புக்கு 'ஃபேர்' என்கிறோமே, அதுதான் எஃப்-ஈ. காசுக்கும் வெள்ளிக்கும் 'லார்ஸான்' என்று ஒரே சொல். பிரெஞ்சில் 'அர்ஜான்', குறியீடு ஏ-ஜி. ஈயத்துக்கு 'ப்ளோம்', பிரெஞ்சில் எழுதினால் கடைசியில் ஒரு 'பி' (b) ஊமையாக உட்கார்ந்திருக்கும், அதனால் பி-பி (Pb). செம்பு 'க்வீவ்ர்', சி-யு. பொன்னுக்கு லத்தீனில் 'ஔரம்'. ஏ-யு என்ற இரண்டெழுத்தைப் பிரெஞ்சில் 'ஓ' என்றுதானே வாசிக்கிறோம்? 'ஔரம்' தேய்ந்து 'ஓர்' ஆன கதை அதிலேயே இருக்கிறது. வெள்ளீயம் மட்டும் கொஞ்சம் ஒளிந்து விளையாடும்: 'எத்தேன்' என்பது முன்பு 'எஸ்தேன்'. ஆங்கிலத்து 'ஸ்கூல்' பிரெஞ்சில் 'எகோல்' ஆனதுபோல 'எஸ்' விழுந்துவிட்டது. குறியீட்டில் அது இன்னும் இருக்கிறது, எஸ்-என்.

மிச்சம் ஐந்து. அதற்குக் கதைதான் மருந்து. சோடியம் லத்தீனில் நாட்ரியம்; எகிப்தியர் பிணத்தைப் பதப்படுத்தப் பயன்படுத்திய நேட்ரான் உப்பிலிருந்து வந்த பெயர். பாதரசம் 'ஹைட்ரார்ஜிரம்', அதாவது தண்ணீர் வெள்ளி, ஹெச்-ஜி. ஆன்டிமனிக்கு எஸ்-பி (Sb): 'ஸ்டிபியம்' என்பது கண்ணுக்கு மையாக இட்ட அஞ்சனக்கல்லின் பழைய பெயர். டங்ஸ்டனுக்கு டபிள்யூ, ஜெர்மன்காரர்களின் 'வோல்ஃப்ராம்'. பொட்டாசியத்துக்கு 'கே' ஏன் என்று கேட்டால் கரும்புத் தோட்டத்து உரமூட்டையைக் காட்டுங்கள். அதில் என்-பி-கே என்று அச்சிட்டிருக்கும். 'பி'யைப் பாஸ்பரஸ் பிடித்துக்கொண்டது. பொட்டாசியத்துக்குக் 'கேலியம்' என்ற பெயர். செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

அந்த மூட்டையிலேயே ஒரு பொறியும் உண்டு. நைட்ரஜனைப் பிரெஞ்சில் 'அஸோத்' என்பார்கள். உயிர் வாழ முடியாதது என்ற பொருளில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே காலத்தில் வைத்த பெயர். பழைய பிரெஞ்சுப் புத்தகங்களில் ஏ-இஸட் என்றே எழுதினார்கள். இங்கே மட்டும் ஆங்கிலத்தை நம்பச் சொல்லுங்கள்: 'என்'.

சரி, வீட்டில் என்ன செய்வது? 118ஐயும் உருப்போட வைக்க வேண்டாம். இந்த 11ஐ மட்டும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லையோ கதையையோ அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 'ஐ-ஆர்' வேறொரு தனிமத்தின், இரிடியத்தின் குறியீடு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இரண்டாவது எழுத்து எப்போதும் சின்ன எழுத்துதான். பெரிய 'சி', சின்ன 'ஓ' என்றால் கண்ணாடிக்கு நீல நிறம் தரும் கோபால்ட். இரண்டையும் பெரிதாக எழுதினால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.