கொட்டிய ஜெல்லிமீன் உடலுக்குள் வளருமா?

இல்லை. உங்கள் கைக்குள் எதுவும் வளரவில்லை. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் எட்டுக் கேள்விகள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தப் பயம்தான். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாட்களுக்கு முன் உங்கள் முன்கையில் ஜெல்லிமீன் கொட்டியது, அடங்கியது. இப்போது அதே கோடுகளில் மறுபடி தடித்து அரிக்கிறது. உடனே இணையத்தில் தேடி, 'சாகாத ஜெல்லிமீன்' பற்றிப் படித்திருக்கிறீர்கள். டுரிடாப்சிஸ் டோர்னி என்ற அந்தச் சிறு உயிர், அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ, குடை வடிவத்தை விட்டு மீண்டும் பாலிப் என்ற, ஓரிடத்தில் ஒட்டி வாழும் இளம் பருவத்துக்குத் திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது கடலுக்குள், முழு விலங்குக்கு நடப்பது. உங்கள் தோலில் இறங்கியது விலங்கும் அல்ல, முட்டையும் அல்ல.

ஜெல்லிமீனின் இழைகள் முழுக்கக் கொட்டும் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒரு கூடு, அதற்குள் சுருட்டி வைத்த நூல். தோலில் பட்டதும் நூல் வெளியே பாய்ந்து குத்தி, நஞ்சை இறக்குகிறது. ஜெல்லிமீனின் அதே தொகுதியைச் சேர்ந்த ஹைட்ரா என்ற சிறு நன்னீர் உயிரில் அளந்தபோது, பாய்ச்சலின் முதல் கட்டம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட எடுக்கவில்லை. ஒருமுறை வெடித்த கூடு திரும்ப நிரம்பாது, பெருகவும் பெருகாது.

அப்புறம் ஏன் மறுபடி தடித்தது? உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த நஞ்சைத் தாமதமாக எதிர்க்கிறது. ஒன்றிரண்டு வாரம் கழித்து இப்படி வருவது மருத்துவர்கள் அறிந்ததே, பெரும்பாலும் தானாக அடங்கும். வீட்டில் குழந்தைக்குத் தொற்றாது. நீங்கள் கேட்ட, அலமாரியில் இருக்கும் பவளத் துண்டும் பயப்பட வேண்டியதல்ல. பவளம் ஜெல்லிமீனுக்கு உறவுதான், ஆனால் உங்களிடம் இருப்பது உயிர் போன வெறும் சுண்ணாம்புக் கூடு.

எனக்குக் கவலை வேறு. கொட்டிய அன்று இரவு முதுகிலும் நெஞ்சிலும் இறுக்கிப் பிடித்தது, வியர்த்தது, 'வாயு என்று நினைத்துப் படுத்துவிட்டேன்' என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் பதறியிருக்க வேண்டிய இடம் அதுதான். கொட்டிய இடத்தில் எரிவதும் தடிப்பதும் வேறு. அந்த இடத்தைத் தாண்டி உடலில் ஏதாவது நடந்தால், அதாவது மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், கடும் முதுகுவலி, வாந்தி, முகவீக்கம் வந்தால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். தோலில் தடம் சின்னதாக இருக்கிறதே என்று நம்பி இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர் 1961இல் விரல்நகம் அளவுள்ள ஒரு பெட்டி ஜெல்லிமீனைத் தன் மேலும், தன் மகன் மேலும், ஓர் உயிர்காப்பாளர் மேலும் கொட்டவிட்டுப் பார்த்தார். கொட்டியது லேசாகத்தான் இருந்தது. சிறிது நேரத்தில் மூவருமே மருத்துவமனையில். இப்போது உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை என்றாலும், ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

கொட்டியது எந்த வகை என்று படங்களோடு ஒப்பிட்டு அலைய வேண்டாம். நீலக் குமிழியாக மிதக்கும் போர்த்துகீசியப் போர்க்கப்பல் ஜெல்லிமீன் போலத் தெரியும். உண்மையில் அது பல உயிரிகள் சேர்ந்த ஒரு கூட்டம், ஹைட்ராவின் வகுப்பு. நெருப்புப் பவளமும் அந்த வகுப்புதான், பெயரில் மட்டும் பவளம். நிபுணர்களுக்கே சிக்கலான வகைப்பாட்டைக் கைபேசிப் படத்தில் தீர்க்க முடியாது.

கொட்டியதும் நீங்கள் மணலால் தேய்த்ததும் நல்ல தண்ணீரில் கழுவியதும் தவறு. வெடிக்காமல் ஒட்டியிருக்கும் கூடுகளை இரண்டுமே வெடிக்க வைக்கும். சிறுநீர் ஊற்றுவதும் வேண்டாம். கடல்நீரில் அலசி, இழைகளை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி நீரில் 20 நிமிடமாவது கையை வைத்திருந்தால் வலி தணியும்.

நீங்களாக வாங்கித் தின்னும் ஆன்டிபயாடிக்கை இன்றே நிறுத்துங்கள், அங்கே கொல்ல ஒரு கிருமியும் இல்லை. நீங்கள் தடவிவரும், மூன்று மருந்து கலந்த அந்த க்ரீமையும் இனித் தடவாதீர்கள். அரிப்புக்கு மாத்திரையும், வீக்கத்துக்கு ஏற்ற களிம்பும் தோல் மருத்துவர் எழுதித் தருவார். போகும்போது இதுவரை தடவியது, விழுங்கியது எல்லாவற்றின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.