ஊருணியைத் தூர்வாரினால் காரைக்குடிக்குத் தண்ணீர்க் கஷ்டம் தீருமா?

தூர்வாருவது மட்டும் போதாது. பொக்லைன் விட்டு ஆழமாகத் தோண்டி, கரையில் நடைபாதையும் பெஞ்சும் போட்டு, திறப்பு விழாவும் நடத்திவிட்டு, அப்புறம் காய்ந்து கிடக்கிற ஊருணிகள் உண்டு; கேட்டால் மழை இல்லை என்பார்கள். மழை பெய்கிறது, உள்ளே வர வழிதான் இல்லை.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அதனால்தான் கூரைத் தண்ணீர், தெருத் தண்ணீர் எல்லாம் ஊருணிக்கு ஓடும்படி சரிவு பார்த்து ஊரைக் கட்டினார்கள். இன்று ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் மேல் கடை நிற்கும், இல்லாவிட்டால் ரோட்டை மேலே மேலே உயர்த்தி அதன் வாயை அடைத்திருப்பார்கள். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். பாதி வந்து சேர்ந்தாலே இரண்டு லாரித் தண்ணீர்!

எனவே முதலில் பழைய புல வரைபடத்தை வைத்து வரத்துக்காலைத் தேடுங்கள். சாக்கடையைத் தனியாகத் திருப்பாமல் வரத்துக்காலைத் திறந்தால் ஆகாயத்தாமரைதான் வளரும். தண்ணீர் நுழையும் இடத்தில் மண் தங்க ஒரு சின்னத் தொட்டி கட்டுங்கள். அடியில் சிமென்ட் மட்டும் பூசவே பூசாதீர்கள், அக்கம்பக்கத்துக் கிணறும் போரும் ஊறுவதே அந்த மண் வழியாகத்தான். நிரம்பினால் மிச்சம் அடுத்த கண்மாய்க்குப் போகக் கலுங்கும் சரியாக இருக்க வேண்டும்.

ஊர் முழுவதுக்கும் குழாய்த் தண்ணீர் இதிலிருந்து வராது. சுற்றியுள்ள தெருக்களில் போர் சீக்கிரம் வற்றாது, அதுவே பெரிய விஷயம். வேலையை வைகாசி, ஆனியில் முடித்துவிடுங்கள், ஐப்பசியில் அடைமழை பிடித்துவிடும்.