அமெரிக்காவிலேயே எண்ணெய் கிடைக்கிறதே, பிறகு ஏன் அங்கே பெட்ரோல் விலை ஏறுகிறது?

உள்நாட்டு உற்பத்தி என்றால் அந்த நாட்டு மண்ணில் எடுத்த எண்ணெய், அவ்வளவுதான். உள்ளூர்க்காரருக்கு மலிவாகத் தருவார்கள் என்று அர்த்தமில்லை. 2018 முதல் உலகிலேயே அதிகக் கச்சா எண்ணெய் எடுப்பது அமெரிக்காதான், ஆனாலும் 2022 ஜூனில் அங்கே ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலின் சராசரி விலை முதன்முறையாக 5 டாலரைத் தாண்டியது. காரணம், எண்ணெய் எடுப்பவை தனியார் நிறுவனங்கள், 2015 இறுதியில் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கு இருந்த தடையும் நீங்கிவிட்டதால் உலகச் சந்தையில் யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு விற்கலாம். நம்மூர் இறாலை ஏற்றுமதிக்காரர் நல்ல விலைக்கு அள்ளும்போது, அதைப் பிடிக்கும் ஊரில் மட்டும் மலிவாகவா கிடைக்கும்?

அப்புறம், டெக்சாஸ், லூசியானா கரையோரச் சுத்திகரிப்பு ஆலைகள் பல கனமான எண்ணெய்க்காக அமைக்கப்பட்டவை. பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் எண்ணெயோ இலகுவானது, அதனால் கனமான எண்ணெயின் இறக்குமதியும் நிற்கவில்லை.

அதிபர் நினைத்தால் விலையைக் குறைத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் பம்பில் கொடுக்கும் காசில் பெரும் பங்கு கச்சா எண்ணெய்க்கே போகிறது, அந்த விலையை வெள்ளை மாளிகை நிர்ணயிப்பதில்லை.